பத்து வருடத்தில் எத்தனை கொடுப்பீர்கள்?

மலேசியாவின் ஜொகூர் பாருவில் நான் சாப்பிட்ட முதல் சாப்பாடு பார்த்தவுடனேயே என்னைக் கோபப்படுத்தியது. லக்சா ஜொகூர் என்று பெயர் சொன்னார்கள். கெட்டியான மீன்குழம்பு, மேலே நறுக்கிய வெள்ளரிக்காய், வெங்காயம், பெயர் தெரியாத ஒரு வாசனைத் தழை. எல்லாம் சரி, அடியில் கிளறினால் இத்தாலிக்காரர்களின் ஸ்பகெட்டி. விருதுநகரில் பிறந்து வளர்ந்த எனக்கு அது அக்கிரமமாகப் பட்டது. இரண்டு வாய் சாப்பிட்டதும் மன்னித்துவிட்டேன். தட்டு காலியானதும் இன்னொன்று சொன்னேன். கடைக்கார அம்மாள் மலாயில் ஏதோ சொல்லிச் சிரித்தார். பக்கத்து மேசைத் தமிழர் அதை எனக்கு மொழிபெயர்த்தார்: "ரொம்ப தூரத்துலருந்து பசியோட வந்திருக்கீங்களான்னு கேக்குறாங்க."

தூரம்தான். நான் மலாவியிலிருந்து வந்திருந்தேன். ஆப்பிரிக்காவின் அந்தச் சின்ன ஏழை நாட்டில் எனக்கு வேலை. அரசாங்கம் எந்தெந்த மருந்தை வாங்கி ஜனங்களுக்கு இலவசமாகக் கொடுப்பது என்று அங்கே ஒரு குழு உட்கார்ந்து தீர்மானிக்கும். அந்தக் குழுவுக்குக் கணக்குப் போட்டுக் கொடுப்பவள் நான். ஒரு மருந்துக்குப் போகும் காசு இன்னொரு மருந்திலிருந்து பிடுங்கப்பட்ட காசு. மலேரியா மாத்திரைக்கும் ரத்தக்கொதிப்பு மாத்திரைக்கும் இடையில் நின்று நியாயம் சொல்வதுதான் என் பிழைப்பு. நான் ஊருக்குப் போகும்போதெல்லாம் என் அண்ணன் இதைக் கேட்டுவிட்டு, "அப்ப நீ மளிகைக்கடைக் கணக்குப்பிள்ளை" என்பான். தப்பில்லை.

ஜொகூருக்கு வந்தது கணக்குக்கு வேண்டிய ஓர் எண்ணை இரவல் வாங்க. காரணம் கிரேஸ்.

கிரேஸ் என் தோழி. அங்கே ஒரு மாவட்ட மருத்துவமனையில் மருந்தாளராக இருக்கிறாள், எங்கள் குழுவிலும் உறுப்பினர். சர்க்கரை நோய் அவள் கால் நரம்புகளைக் கெடுத்துவிட்டது. பாதம் இரண்டும் நெருப்பை மிதித்த மாதிரி எரியும். கூட்டம் நடக்கும்போது மேசைக்கு அடியில் செருப்பைக் கழற்றிவிட்டு, சிமெண்டுத் தரையில் பாதத்தைத் தேய்த்துக்கொண்டே பேசுவாள். இந்த எரிச்சலைத் தணிக்க ஒரு மாத்திரை இருக்கிறது. அது எங்கள் பட்டியலில் இல்லை, வெளியில் வாங்க அவள் சம்பளம் போதாது. அவளைப் போல எத்தனையோ பேர் மருத்துவமனை வாசலில் வந்து நிற்கிறார்கள். தனக்கு உள்ள நோயைப் பற்றிய விவாதத்தில் உறுப்பினர் வாய் திறக்கக்கூடாது என்பது குழுவின் விதி. ஆகவே பேச வேண்டியவள் நான்.

பேசுவதற்கு எண் வேண்டும். இந்த மாத்திரை உயிரைக் காப்பாற்றாது, வேதனையைத்தான் குறைக்கும். அந்த வேதனை எவ்வளவு பெரியது என்று ஓர் எண்ணாகச் சொன்னால்தான் விலையோடு ஒப்பிட முடியும். மலாவியில் யாரும் போய்க் கேட்கவில்லை, கேட்கப் பணமும் ஆளும் இல்லை. இப்படிப்பட்ட நாடுகள் வசதியுள்ள நாட்டில் எடுத்த எண்ணை வாங்கிப் போட்டுக்கொள்ளும், கல்யாணத்துக்கு இரவல் நகை போட்டுக்கொள்கிற மாதிரி. ஜொகூரில் ஒரு பல்கலைக்கழகக் குழு இதே கால் எரிச்சலைப் பற்றித் தமிழ்க் குடும்பங்களிடம் வீடு வீடாகப் போய்க் கேட்டிருந்தது. கிரேஸ் என்னைக் கட்டிப்பிடித்து வழியனுப்பினாள். எண்ணில்லாமல் திரும்புவதில்லை என்று நானும் சபதம் செய்துவிட்டு வந்திருந்தேன்.

மறுநாள் காலை அந்தக் குழுவின் தலைவி டாக்டர் நோராய்னியைப் பார்த்தேன். நல்ல உயரம், நீலத் தலைத்துணி, பேச்சில் சிக்கனம். எனக்கு ஒரு கோப்பை தே ஓ, அதாவது பால் இல்லாத தேநீர், வரவழைத்துக் கொடுத்துவிட்டு, கணினியை என் பக்கம் திருப்பினார்.

"நீங்கள் இதற்காக இவ்வளவு தூரம் வந்திருக்க வேண்டாம்" என்றார் ஆங்கிலத்தில்.

பார்த்தேன். ஏறத்தாழப் பூஜ்யம்.

அவர்கள் கேட்டது, எங்கள் துறையில் உலகமெங்கும் கேட்கிற ஒரு கேள்விதான். "இந்த எரிச்சலோடு உங்களுக்கு இன்னும் பத்து வருட ஆயுள் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எரிச்சலே இல்லாமல் வாழலாம், ஆனால் ஆயுளில் கொஞ்சம் குறையும். பத்து வருடத்தில் எத்தனை கொடுப்பீர்கள்?" இரண்டு வருடம் கொடுப்பேன் என்று ஒருவர் சொன்னால், அந்த எரிச்சல் அவர் வாழ்க்கையில் ஐந்தில் ஒரு பங்கைத் தின்கிறது என்று கணக்கு. ஒன்றுமே கொடுக்கமாட்டேன் என்றால் எரிச்சல் ஒரு பொருட்டே இல்லை என்று கணக்கு. ஜொகூரில் தமிழில் கேட்கப்பட்டவர்களில் அநேகமாக எவருமே ஒரு மாதம்கூடக் கொடுக்கச் சம்மதிக்கவில்லை.

"அப்படியென்றால் இவர்களுக்கு வலியே இல்லையா?" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. எனக்குக் கோபம் எப்போதும் வாசலிலேயே நிற்கும்.

"எண் அப்படித்தான் சொல்கிறது" என்றார் அவர். "எனக்கும் உறுத்தல்தான். ஆனால் உறுத்தலை நான் கட்டுரையில் போட முடியாது."

இந்தப் பூஜ்யத்தைக் கொண்டுபோய் எங்கள் குழுவில் வைத்தால் கதை முடிந்தது. ஆராய்ந்து தள்ளுபடி செய்யப்பட்டது என்று எழுதிவிடுவார்கள். அப்படி எழுதப்பட்ட மருந்தை மறுபடி தூக்கி நிறுத்துவது லேசில் ஆகாது. நான் தே ஓ-வைக் கடைசி வரை குடித்துவிட்டு, "இந்தக் கேள்வியைக் கேட்கும்போது நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும்" என்றேன். அவர் மறுக்கவில்லை. இன்னும் சில வீடுகள் பாக்கி இருந்தன.

அடுத்த நாள் என்னை அழைத்துப் போனவள் புஷ்பா. தமிழில் நேர்காணல் எடுப்பவள், நாற்பது வயதிருக்கும், பேச்சும் காரும் ஒரே வேகம். "அக்கா, சீட் பெல்ட் போட்டுக்குங்க, இந்தக் கார் கொஞ்சம் குதிக்கும் லா" என்றாள். குலாய் தாண்டி பண்டார் தெங்காரா வரை செம்பனை, அதாவது பாமாயில் மரம். இரண்டு பக்கமும் செம்பனை, முன்னால் செம்பனைக் குலை ஏற்றிய லோரி. எங்கள் பக்கம் கரிசல் காட்டில் கண்ணுக்கெட்டிய தூரம் வெயில் தெரியும், இங்கே கண்ணுக்கெட்டிய தூரம் நிழல். இரண்டிலும் ஒரு மணி நேரத்துக்குப் பிறகு தூக்கம் வருகிறது.

லோரியை முந்த முடியாமல் பொறுமை இழந்த புஷ்பா, "தோட்டத்துக்குள்ள ஒரு குறுக்கு ரோடு இருக்கு, எனக்குத் தெரியும்" என்று திரும்பினாள். அவளுக்குத் தெரிந்தது மழைக்கு முந்திய ரோடு. கால் மணி நேரத்தில் கார் செம்மண் சேற்றில் சக்கரம் பாதி புதைய நின்றது.

"அலமாக்! மாட்டிக்கிச்சு. எறங்காதீங்க அக்கா, சேறு."

நான் இறங்கினேன். செருப்பு உள்ளேயே நின்றுவிட்டது. வங்காளதேசத்துத் தொழிலாளிகள் இரண்டு பேர் வந்து பார்த்து, தங்களுக்குள் நெடுநேரம் ஆலோசித்து, டிராக்டரைக் கொண்டுவரப் போனார்கள். காத்திருந்த நேரத்தில் புஷ்பா வாழையிலையில் பொட்டலம் கட்டிய நாசி லெமாக்கைப் பிரித்தாள். தேங்காய்ப்பால் சோறு, நெத்திலிக் கருவாடு, வேர்க்கடலை, மிளகாய் அரைத்த சம்பல். மலாவியில் பேருந்து நின்றுவிட்டால் அவித்த சோளக்கதிர் கிடைக்கும், அதுவும் நல்லதுதான். ஆனால் இந்தச் சம்பலுக்காக இன்னொரு தடவை சேற்றில் சிக்கலாம்.

டிராக்டர் வந்து, கார் வெளியேறி, நாங்கள் தாமான் எனப்படும் குடியிருப்பில் இருந்த வீட்டைச் சேர்ந்தபோது விளக்கு வைக்கும் நேரமாகிவிட்டது. லெட்சுமியம்மா எங்களுக்காக மதியத்திலிருந்து காத்திருந்தார். அறுபதைத் தாண்டிய வயது. ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டி வளர்ந்தவர், பிறகு பள்ளிக்கூடக் கேண்டீன் நடத்தியவர். கிளினிக்கில் பாதத்தைச் சோதித்தபோது நரம்புப் பழுது தெரிந்து, இந்த ஆய்வில் சேர்த்திருந்தார்கள். மகன் சரவணன் சிங்கப்பூர்த் தொழிற்சாலை வேலையிலிருந்து அப்போதுதான் திரும்பி, தலை துவட்டிக்கொண்டு நின்றான். மருமகள் மைலோ கலக்கிக் கொடுத்தாள். சாமிப் படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்தது. வீடு முழுக்கச் சாம்பிராணி.

புஷ்பா முதலில் சின்னச் சின்ன விஷயங்களைக் கேட்டாள். இங்கே சர்க்கரை நோயை இனிப்பு நீர் என்கிறார்கள்.

"இனிப்பு நீர் எத்தன வருஷமா இருக்கும்மா?"

"அது இருக்கு, ரொம்ப வருஷமா."

"கால் எரியுதா?"

"எரியும். எல்லாருக்கும் எரியறதுதானே. நான் நல்லாத்தான் இருக்கேன் மா."

பிறகு அந்தக் கேள்வி. புஷ்பா அதை எழுதியிருந்தபடியே வாசித்தாள். வாசிக்கும்போது அவள் தலை தானாகக் குனிந்ததைப் பார்த்தேன். பத்து வருட ஆயுள் என்ற இடத்திலேயே மருமகள் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டாள்.

"என்ன கேள்வி இது?" என்றான் சரவணன். "வெளக்கு வச்ச நேரத்துல எங்கம்மா ஆயுசுல வருஷம் கழிக்கச் சொல்றீங்களா?"

"சும்மா ஒரு பேச்சுக்குத்தான் தம்பி..."

"பேச்சுக்குக்கூட வேணாம் க்கா."

லெட்சுமியம்மா மகனைப் பார்த்தார், விளக்கைப் பார்த்தார். "ஒரு நாள்கூடக் குடுக்க மாட்டேன்னு எழுதிக்கம்மா" என்றார் சத்தமாக. வீடு நிம்மதியானது. புஷ்பா கையிலிருந்த டேப்லெட்டில் பூஜ்யத்தைத் தட்டினாள்.

கை கழுவ வேண்டும் என்று உள்ளே போனேன். குளியலறையில் குழாயடியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. நாற்காலியின் முதுகில் ஒரு தலையணை கட்டியிருந்தது. கீழே அகலமான வாளித் தண்ணீர். திரும்பினால் லெட்சுமியம்மா வாசலில் நிற்கிறார்.

"குளிக்கறப்போ நிக்க முடியல, அதுக்கு" என்றார் அவசரமாக.

குளிப்பதற்குத் தலையணை எதற்கு? நான் கேட்கவில்லை. அவர் முகம் கேட்காதே என்றது. இரவெல்லாம் காலைத் தண்ணீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தபடியே தூங்குகிற ஒருத்தியின் வேதனைக்குப் பூஜ்யம் போட்டுவிட்டோம் என்பது மட்டும் எனக்குத் தெரிந்துவிட்டது. திரும்பும் வழியில் புஷ்பாதான் பேசினாள். "எல்லா வீட்டுலயும் இப்படித்தான் அக்கா. புள்ளைங்க முன்னாடி எந்த அம்மா சொல்லுவா, எனக்கு ரெண்டு வருஷம் வேணாம்னு? எங்கம்மா சொன்னா நான் வாய்ல அடிப்பேன். ஆனா கேள்விய மாத்த எனக்கு உரிமை இல்ல."

"தனியாகக் கேட்டால்?"

"தனியாவும் கேட்டுப் பாத்தாச்சு. சாமிக்குக் கேக்கும்ல."

மறுநாள் காலை டாக்டர் நோராய்னி என்னை ரொட்டி சானாய் சாப்பிட அழைத்துப் போனார். கடை மாஸ்டர் மாவை வீசுகிற வீச்சைப் பார்த்தால் எங்கள் ஊர் பரோட்டா மாஸ்டருக்குத் தூரத்துச் சொந்தம் என்று தோன்றும். ஆனால் விருதுநகர் பரோட்டா எண்ணெயில் பொரிந்து மொறுமொறு என்று வரும், இது மெத்தென்று இருக்கிறது. இந்த விஷயத்தில் நான் கட்சி மாறத் தயாரில்லை. கிழித்துப் பருப்பில் தோய்த்துக்கொண்டே நாற்காலியையும் தலையணையையும் பற்றிச் சொன்னேன். அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்.

"வேறு விதமாகக் கேட்கலாம்" என்றேன். "அவர்கள் ஆயுளைத் தொட வேண்டாம். இரண்டு பேரைக் காட்டுவோம். ஒருத்திக்கு இந்தக் கால் எரிச்சல். இன்னொருவருக்கு வேறு கஷ்டம். காசு ஒருவருக்கு மருந்து வாங்க மட்டுமே போதும், யாருக்குக் கொடுப்பீர்கள் என்று கேட்போம். தமிழர்களைப் பற்றி எனக்குத் தெரியும். தன் கஷ்டத்தைச் சொல்ல மாட்டார்கள். அடுத்தவர் கஷ்டத்தைப் பற்றி அபிப்பிராயம் இல்லாத ஆளே கிடையாது."

அவர் சிரித்தார். ஆனால் விடவில்லை. "இந்த முறை புதிதல்ல, எனக்கும் தெரியும். ஆனால் நான் உங்களை ஒன்று கேட்கிறேன். உங்களுக்கு வேண்டிய பதில் வரும்வரை கேள்வியை மாற்றிக்கொண்டே இருப்பீர்களா? முதல் கேள்வியில் பெரிய எண் வந்திருந்தால் வாங்கிக்கொண்டு விமானம் ஏறியிருப்பீர்கள், இல்லையா?"

சுள்ளென்று இருந்தது. ஏறியிருப்பேன்தான். கிரேஸின் பாதம் என் கணக்குக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது என்பதை இந்த அம்மாள் மூன்று நாளில் கண்டுபிடித்துவிட்டார். "இரண்டாவது கேள்வியில் எது வந்தாலும் ஏற்றுக்கொள்கிறேன்" என்றேன். "எரிச்சலுக்கு வேண்டாம், மற்றவருக்குக் கொடுங்கள் என்று எல்லோரும் சொன்னால் அதையே எங்கள் குழுவில் வைக்கிறேன். ஆனால் முதல் கேள்விக்கு வந்தது பதிலே இல்லை. அது மரியாதை. மரியாதையை எண்ணாக மாற்றி மலாவிக்குக் கொண்டுபோக மாட்டேன்."

கேள்விகளைச் சோதித்துப் பார்க்க அவர் குழுவுக்கு ஏற்கெனவே அனுமதி இருந்தது. "சில வீடுகளில் மட்டும்" என்றார்.

முதல் சோதனை பொந்தியானில். ஆரோக்கியசாமி ஐயா பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர், வாரம் தவறாமல் தேவாலயம் போகிறவர். கடற்கரைப் பக்கம் வீடு. வாசலில் விளைந்த அன்னாசியை உப்பும் மிளகாய்த்தூளும் போட்டுத் தட்டு நிறையக் கொடுத்தார். பழைய கேள்விக்கு அவர் முன்பு சொல்லியிருந்த பதிலைப் புஷ்பா எனக்குக் காரிலேயே சொல்லியிருந்தாள்: "ஆண்டவர் குடுத்த நாளு. நடுவுல பூந்து பேரம் பேச நான் யாரு?"

புதிய கேள்வியைக் கேட்டதும் ஐயா நாற்காலியை முன்னுக்கு இழுத்துக்கொண்டார். புஷ்பா இரண்டு பட அட்டைகளை அவர் முன்னால் வைத்தாள்: கால் எரிச்சல்காரர் ஒருபக்கம், அடிக்கடி மூச்சுத்திணறல் வருகிற ஆஸ்துமாக்காரர் ஒருபக்கம்.

"அந்த ஆஸ்துமாக்காரன் என்ன வேல செய்யறான்?"

"வேலையப் பத்தி இல்ல ஐயா. கஷ்டத்த மட்டும் பாருங்க."

"அதெப்படி லா, ஆளு யாருன்னு தெரியாம?" என்று புஷ்பாவோடு சண்டைக்கே போனார். பிறகு கண்ணை மூடி யோசித்தார். தன் பாதத்தை ஒரு தடவை தடவிக்கொண்டார். "எரிச்சல்காரன் பல்லக் கடிச்சிக்குவான். எனக்குத் தெரியும், நான் கடிக்கிறேன். மூச்சு முட்டினா என்னத்தக் கடிப்பான்? ஆஸ்துமாவுக்குக் குடுங்க."

புஷ்பா என்னை ஓரக்கண்ணால் பார்த்தாள். அடுத்து கால் எரிச்சலையும் ஒரு கண் பார்வை இல்லாததையும் வைத்துக் கேட்டாள். உடனே சொன்னார்: "ஒத்தக் கண்ணோட நான் பஸ்ஸே ஓட்டிருவேன். எரிச்சலுக்குக் குடுங்க." அவர் மனைவி உள்ளேயிருந்து, "ஓட்டுவாரு, ஓட்டுவாரு" என்று குரல் கொடுத்தார்.

காரில் ஏறியபின் எனக்கு ஒன்று தெளிவானது. அவர் சொன்னது நான் விரும்பிய பதில் இல்லை. ஆனால் அது பதில். யோசித்து, தன் காலைத் தொட்டுப் பார்த்து, எடை போட்டுச் சொன்ன பதில். பலபேரிடம் இப்படிப் பல கஷ்டங்களை வைத்துக் கேட்டுக் கோத்தால், எரிச்சல் எந்தப் படியில் நிற்கிறது என்று வந்துவிடும். அன்று மாலை பொந்தியான் பசாரில் ஒரு பெரிய தட்டு வறுத்த மீ, அதாவது நூடுல்ஸ், சாப்பிட்டேன். கவலையாக இருந்தால் நான் அதிகம் சாப்பிடுவேன்.

கடைசியாக லெட்சுமியம்மா வீடு. இந்த முறை குறுக்கு ரோடு வேண்டாம் என்று நான் முன்கூட்டியே சத்தியம் வாங்கிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் எல்லோரும் இருந்தார்கள். சரவணன் எங்களைப் பார்த்ததும், "ஆயுசு கேள்வி இல்லையே?" என்றான்.

"இல்ல தம்பி. இது வேற ஆளுங்களப் பத்தி."

புஷ்பா கேட்டாள். "ரெண்டு பொம்பளைங்க இருக்காங்கம்மா. ஒருத்தருக்கு மூட்டு வலி, படி ஏற முடியாது. இன்னொருத்தருக்கு ராத்திரி பகலா கால் எரியுது. மருந்து வாங்க ஒருத்தருக்குத்தான் காசு இருக்கு. யாருக்குக் குடுக்கலாம்?"

லெட்சுமியம்மா யோசிக்கவே இல்லை. "எரியறவளுக்குக் குடுங்க."

"ஏன்மா?"

"படி ஏற முடியலன்னா கீழயே இருந்துக்கலாம். எரியறவ எங்க போவா?" குரல் மாறியது. "போர்வை பட்டாலே பத்திக்கும் மா அவளுக்கு. எல்லாரும் தூங்குன பிறகு எந்திரிச்சிப் போய் நாற்காலியில ஒக்காந்து தண்ணிக்குள்ள கால வச்சிக்குவா. தண்ணி சூடாயிடும், மாத்துவா. சத்தம் வராம மாத்தணும். கோயிலுக்குப் போனா சுடுற தரையில கால வைக்க முடியாதுன்னு கோயிலுக்கே போறதில்ல, முட்டி வலின்னு பொய் சொல்லுவா. பாவம் மா அவ. அவளுக்குக் குடுங்க."

சரவணன் சோபாவிலிருந்து எழுந்துவிட்டான். "யாரும்மா அவ?"

லெட்சுமியம்மா புடவையை இழுத்துப் பாதத்தை மறைத்துக்கொண்டார்.

"அம்மா, யாரு?"

"நீ விடியறதுக்கு முன்னாடி சிங்கப்பூர் பாலம் தாண்டணும்" என்றார் லெட்சுமியம்மா. "மோட்டர் சைக்கிள்ல போற புள்ள. உங்கிட்ட சொன்னா ராத்திரி நீ தூங்குவியா?"

அவன் குளியலறைக்குப் போனான். நாற்காலியை அவன் தினமும் பார்த்திருப்பான். அன்றுதான் பார்த்தான் என்று நினைக்கிறேன். வெளியே வந்தவன் யாரிடமும் பேசாமல் அம்மாவின் கிளினிக் அட்டையைத் தேடி எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். "நாளைக்கு நான் லீவு" என்றான். எனக்கு அழுகை வந்துவிட்டது. புஷ்பா முன்பே அழுதுகொண்டிருந்தாள், ஆனாலும் விரல் சரியான கட்டத்தைத் தட்டியது.

கிளினிக்கில் சொன்னால் லெட்சுமியம்மாவுக்கு அந்த மாத்திரை கிடைத்துவிடும். இந்த நாட்டில் அது இருக்கிறது, அவர் வாயைத் திறக்க வேண்டியதுதான் பாக்கி. கிரேஸ் நாட்டில் வாயைத் திறந்து கத்தினாலும் கொடுக்க மாத்திரை இல்லை.

திங்களன்று டாக்டர் நோராய்னி பதிவுகள் எல்லாவற்றையும் படித்தார். பழைய எண்ணைத் தன் கட்டுரையில் அப்படியே வெளியிடுவதில்லை, இந்தக் கேள்விக்கு இந்த வீடுகளில் பதில் கிடைக்காது என்று வெளிப்படையாக எழுதுவதாகச் சொன்னார். புதிய முறையில் முழுதாகக் கேட்டு முடிக்க மாதக்கணக்காகும். "அந்த எண்ணையும் இரவல் வாங்கத்தான் போகிறீர்களா?" என்று கேட்டார்.

"இல்லை. கேள்வியைத்தான் வாங்கிப் போகிறேன். கேட்கிற முறை, படங்கள், எல்லாவற்றையும் கொடுங்கள். எங்கள் ஆட்களிடம் நாங்களே கேட்கிறோம். அங்கே எதைச் சொல்ல வாய் வராது என்பது அங்கே போய் உட்கார்ந்தால்தான் தெரியும்."

அவர் எழுந்து எனக்காக ஒரு பெட்டி நிறையப் பட அட்டைகளை எடுத்து வைத்தார். பேச்சில் மட்டுமல்ல, பாராட்டிலும் சிக்கனம்.

கிரேஸிடம் சொல்வதுதான் பாக்கி. லார்கின் பேருந்து நிலையத்தில், கோலாலம்பூர் பேருந்துக்குக் காத்திருந்தபோது அழைத்தேன். இங்கே மதியம், அங்கே காலை. பேருந்துக்காரர்கள் ஊர்ப் பெயர்களைக் கூவிக்கொண்டிருந்தார்கள், ஒரு காதைப் பொத்திக்கொண்டு பேசினேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். பூஜ்யத்தை, விளக்கை, லெட்சுமியம்மாவை. எண் கையில் இல்லை என்பதை. குழுவின் இந்த வருடக் கூட்டத்தில் பூஜ்யத்தை வைத்தால் அந்த மாத்திரை நிரந்தரமாகத் தள்ளுபடி ஆகும், அதனால் எதையுமே வைக்கப் போவதில்லை என்பதை. நாமே போய்க் கேட்டு எண்ணைக் கொண்டுவருவதற்குள் இந்தக் கூட்டம் முடிந்துவிடும், அடுத்த கூட்டம் ஒரு வருடம் கழித்துத்தான்.

"அதுவரை உன் கால் எரியும், கிரேஸ்" என்றேன். "என்னை மன்னித்துவிடு."

பேருந்து வந்துவிட்டது, ஜனங்கள் ஏறத் தொடங்கினார்கள். நான் பட அட்டைப் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றேன்.

"அந்த டாக்டரிடம் போய்ச் சொல்" என்றாள் கிரேஸ் கடைசியில். "ஒரு வருடம் கொடுக்க ஒருத்தி சம்மதித்துவிட்டாள் என்று."